ஓட்டைக் குடம்

ஓட்டைக் குடத்தில் நீர் நிற்பதில்லை. இவ்வுண்மையைச் சிறு குழந்தையும் அறியும். ஆயினும், ஓட்டை கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் அமைந்துவிட்டால், கற்றறிந்தோரும் அதனை மறந்துவிடுகின்றனர்; நீர் குறையக் குறைய மேலும் மேலும் வார்த்துக்கொண்டே இருக்கின்றனர். காவிரிக் கரையில் உள்ள ஒரு சிற்றூரில் வாழ்ந்த தலைமையாசிரியர் ஒருவரும், தம் பழைய கார் வழியாக இந்தப் பாடத்தைக் கற்க நேர்ந்தது.

அவர் பணியினின்று ஓய்வு பெற்றவர். அவருடைய கார் அம்பாசிடர் வகையைச் சேர்ந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை முதலாகக் கொண்டு உருவான அவ்வகைக் கார், மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் பல்லாண்டுக் காலம் உற்பத்தியாயிற்று. 2014-ஆம் ஆண்டில் அவ்வுற்பத்தி நின்றது. ஆயினும், நெடுங்காலம் அமைச்சர்களையும் மணமக்களையும் வாடகைப் பயணிகளையும் வேற்றுமையின்றிச் சுமந்த அந்தக் கார்கள் சில, இன்றும் நம் ஊர்த் தெருக்களில் ஓடுகின்றன. தலைமையாசிரியர் தம் காரை மூன்றாவது உரிமையாளராக வாங்கியவர். வியாழக்கிழமை சந்தைக்கும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் மட்டுமே அதனை எடுப்பார். மற்ற நாட்களில் அது வீட்டின் முன்னுள்ள கீற்றுக் கொட்டகையில் நிற்கும். அத்தெருவில் இருந்த ஒரே கார் அதுதான்.

ஐப்பசித் திங்கள் ஒரு புதன்கிழமை இரவு. மழை இடைவிடாது பெய்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுச் சிறுவனுக்கு இளைப்பு நோய் கடுமையாகக் கண்டது. மூச்சு வாங்க இயலாமல் அவன் தவித்தான். தாய் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "ஐயா, பிள்ளையைக் காப்பாற்றுங்கள்!" என்று கதவைத் தட்டினாள். தலைமையாசிரியர் சட்டையை மாட்டியவாறே காரில் ஏறிச் சாவியைத் திருகினார். 'டக்' என்று ஓர் ஒலி கேட்டது. அவ்வளவே. மறுமுறையும் திருகினார், அதே ஒலி. செல்ப் எடுக்கவில்லை. பின் இருக்கையிலிருந்து சிறுவனின் மூச்சொலி சீழ்க்கைபோல் கேட்டுக்கொண்டிருந்தது.

அண்டை வீட்டார் நால்வர் எழுந்து வந்தனர். முழங்காலளவு நீரில் நின்று காரைத் தள்ளினர். தெருக்கோடியின் மேட்டைக் கடந்த பின்னரே கார் உறுமி எழுந்தது. மருத்துவமனையில் சிறுவனுக்குத் தக்க மருத்துவம் கிடைத்தது, அவன் பிழைத்தான். எனினும், புறப்படுவதற்கே இருபது நிமிடங்கள் வீணாயின. அந்த இருபது நிமிடங்களும் தலைமையாசிரியரின் நெஞ்சை விட்டு அகலவில்லை. தம்மை நம்பி ஓடிவந்த ஒரு தாயின் முன் கைவிரித்து நின்றோமே என்று அவர் விடியும்வரை உறங்காதிருந்தார்.

மறுநாட் காலையில் காரைக் கடைத்தெரு மூலையில் இருந்த பட்டறைக்கு எடுத்துச் சென்றார். அப்பட்டறையின் மேஸ்திரி அறுபது வயதைக் கடந்தவர். அவரிடம் பதினேழு வயது இளைஞன் ஒருவன் தொழில் பயின்று வந்தான்.

"மேஸ்திரி, புதிய பாட்டரி ஒன்று போட்டுவிடுங்கள். விலை எவ்வளவானாலும் சரி. இரண்டு ஆண்டுகளில் இது மூன்றாவது பாட்டரி" என்றார் தலைமையாசிரியர்.

"போடலாம், ஐயா. முன்னைய இரண்டும் எதனால் செத்தன என்று தெரிந்துகொண்ட பிறகு போடலாம்" என்றார் மேஸ்திரி.

"செத்துவிட்டன என்று கடைக்காரர் கருவி வைத்துப் பார்த்துத்தானே சொன்னார்?"

"அவர் சொன்னது உண்மைதான், ஐயா. செத்தது என்று அவர் சொன்னார். ஏன் செத்தது என்று நீங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை."

தலைமையாசிரியர் மறுமொழி கூறவில்லை. முப்பது ஆண்டுகள் மாணவர்களிடம் 'ஏன்' என்று கேட்டுப் பழகிய அவர், தம் காரைப் பற்றி அவ்வினாவை ஒருமுறையேனும் எழுப்பியதில்லை.

மேஸ்திரி உடனே கருவியைக் கையில் எடுத்துவிடவில்லை. மருத்துவர் நோயாளியை வினவுவதுபோல் முதலில் சில கேள்விகள் கேட்டார். நாள்தோறும் ஓட்டும்போது இத்தொல்லை உண்டா? இல்லை. ஓடிக்கொண்டிருக்கையில் எஞ்சின் நின்றுபோனதுண்டா? இல்லை. எத்தனை நாள் நின்ற பிறகு செல்ப் எடுப்பதில்லை? மூன்று அல்லது நான்கு நாள். இம்மறுமொழிகளைக் கேட்டதும் மேஸ்திரியின் முகத்தில் தெளிவு தோன்றியது. ஓடும்போது நிறைகின்ற குடம், நிற்கும்போது குறைகின்றது. ஆகவே, கார் நிற்கும்போது எங்கோ மின்சாரம் கசிகின்றது என்று அவர் ஊகித்தார். ஆயினும், ஊகத்தை முடிவாகக் கொள்ளும் வழக்கம் அவரிடம் இல்லை.

காரின் மின் அமைப்பை அறிந்தால்தான் அவர் செய்த ஆராய்ச்சி விளங்கும். காரில் உள்ள பாட்டரி, ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட மின்கலங்களின் அடுக்கு. இத்தகைய ஈயக் கலத்தை 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்தார். ஒவ்வொரு கலமும் ஏறத்தாழ 2.1 வோல்ட் அழுத்தம் தரும். ஆறு கலங்கள் தொடராக இணைந்திருப்பதால், முழுதும் நிறைந்த பாட்டரி ஓய்ந்திருக்கையில் 12.6 வோல்ட் காட்டும். பாதி தீர்ந்தால் 12.2 வோல்ட் அளவுக்கு இறங்கும். எஞ்சினை முதலில் சுழற்றிவிடுவது செல்ப் என்னும் மோட்டார். கைப்பிடியால் எஞ்சினைச் சுழற்றிய காலம் மாறி, 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் வகுத்த மின் செல்ப் இடம்பெற்றது. அது சுழலும் சில நொடிகளில் நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டத்தைப் பாட்டரியிலிருந்து இழுக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும், டைனமோ மின்சாரம் உண்டாக்கி, செலவான அளவைப் பாட்டரிக்குத் திருப்பித் தரும். வரவும் செலவும் ஒத்திருக்கும்வரை குறை தோன்றாது.

மேஸ்திரி முதலில் வரவைச் சோதித்தார். எஞ்சினைச் சற்று விரைவாக ஓடவிட்டுப் பாட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தார். அது 14 வோல்ட் காட்டியது. டைனமோ தன் கடமையைச் செவ்வனே செய்கின்றது என்பது தெளிவாயிற்று. பின்பு எஞ்சினை நிறுத்தினார். சாவியை எடுத்துத் தலைமையாசிரியரிடமே தந்தார். கதவுகள் நான்கையும் டிக்கியையும் நன்றாக மூடச் செய்தார். ஒரு கதவு திறந்திருந்தாலும் உள்விளக்கு எரியும். அவ்விளக்கின் செலவே கசிவுபோல் தோன்றி ஆராய்ச்சியைக் கெடுத்துவிடும்.

"தம்பி, பாட்டரியிலிருந்து எந்த ஒயரை முதலில் கழற்ற வேண்டும்?" என்று கேட்டார்.

"எர்த் ஒயரை, மேஸ்திரி."

"ஏன்?"

"மற்ற முனையை முதலில் கழற்றும்போது ஸ்பானர் காரின் உடலில் பட்டால், முழு மின்சாரமும் அதன் வழியே பாயும், நெருப்புப் பறக்கும். எர்த்தை முதலில் கழற்றிவிட்டால் அந்த ஆபத்து இல்லை."

மேஸ்திரி தலையசைத்தார். அருகில் பீடி புகைத்துக்கொண்டிருந்த ஒருவரை அப்பால் போகுமாறு வேண்டினார். மின்சாரம் ஏறும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். ஒரு தீப்பொறி போதும், அது வெடிக்க.

இளைஞன் எர்த் ஒயரைக் கழற்றினான். மீட்டரைப் பத்து ஆம்பியர் அளவுக்கு மாற்றி, கழற்றிய ஒயருக்கும் பாட்டரி முனைக்கும் இடையில் அதனை இணைத்தான். இனிக் காருக்குள் செல்லும் ஒவ்வொரு துளி மின்சாரமும் அந்த மீட்டரைக் கடந்தே செல்ல வேண்டும். இந்நிலையில் சாவியைத் திருகலாகாது என்று மேஸ்திரி எச்சரித்தார். செல்ப் இழுக்கும் பேரோட்டத்தை அச்சிறு கருவி தாங்காது.

மீட்டரில் எண் தோன்றியது: 0.42 ஆம்பியர்.

புதிய கார்களில் கணிப்பொறிகள் உண்டு. அவை தம் நினைவைக் காக்க, கார் உறங்கும்போதும் சிறிதளவு மின்சாரம் கொள்ளும்; அதனை ஓர் ஆம்பியரில் நூற்றில் சில பங்கு என்றே சொல்லலாம். இந்தப் பழைய காரிலோ நினைவு வைத்துக்கொள்ள எதுவும் இல்லை. சாவி எடுத்த பின் அது ஏறத்தாழ ஒன்றுமே கொள்ளாதிருத்தல் வேண்டும்.

"0.42 என்பது மிகச் சிறிய அளவாயிற்றே?" என்றார் தலைமையாசிரியர்.

"பெருக்கிப் பாருங்கள், ஐயா" என்றார் மேஸ்திரி.

தலைமையாசிரியர் கணக்கில் வல்லவர். ஒரு மணி நேரத்திற்கு 0.42 எனின், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 ஆம்பியர் மணி ஆகும். அவருடைய பாட்டரியின் முழுக் கொள்ளளவு 60 ஆம்பியர் மணி. மூன்று நாளில் பாதி போய்விடும். ஆறு நாளில் எல்லாம் தீர்ந்துவிடும். சந்தைக்குச் சென்ற வியாழனுக்குப் பின் ஞாயிறு வருவதற்கு மூன்று நாள். கோயிலுக்குச் சென்ற ஞாயிறுக்குப் பின் வியாழன் வருவதற்கு நான்கு நாள். சிறுவனுக்கு மூச்சு முட்டிய புதன்கிழமை இரவு, கார் நான்காம் நாளை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் விரல்விட்டு எண்ணி முடித்துத் திகைத்து நின்றார்.

கசிவு உண்டு என்பது உறுதியாயிற்று. அது எங்கே என்று காண்பதே எஞ்சியது. காரில் ஒயர்கள் மரத்தின் வேர்கள்போல் நூறு இடங்களில் ஓடுகின்றன. அவற்றை எல்லாம் அறுத்துப் பார்த்தல் இயலாது. ஆனால், பெரும்பாலான கிளைகள் பியூஸ் என்னும் வாயில்களைக் கடந்தே செல்கின்றன. ஒரு வாயிலை மூடியதும் ஓட்டம் நிற்குமாயின், கசிவு அந்த வாயிலுக்கு அப்பால் உள்ளது என்பது பொருள். இளைஞன் எஞ்சின் அருகில் இருந்த பெட்டியில் ஒரு பியூசை எடுத்தான். மீட்டரில் எண் மாறவில்லை. அதனை மீண்டும் பொருத்திவிட்டு அடுத்ததை எடுத்தான். எண் சுழியாயிற்று.

"எல்லாப் பியூசையும் எடுத்தும் எண் குறையாவிட்டால் என்ன செய்வது, மேஸ்திரி?" என்று இளைஞன் கேட்டான்.

"டைனமோவுக்கும் செல்புக்கும் போகும் தடித்த ஒயர்களில் பியூஸ் இல்லை. அப்போது அங்கே தேட வேண்டும். இப்போது அந்த வேலை இல்லை. இந்தப் பியூஸ் எவற்றுக்கெல்லாம் மின்சாரம் தருகிறது? அதைச் சொல்."

ஹாரன், காரின் உள்விளக்கு, முன்னைய உரிமையாளர் ஒருவர் டிக்கிக்குள் பொருத்தியிருந்த சிறு விளக்கு ஆகிய மூன்றும் அதனைச் சார்ந்திருந்தன. பியூசை மீண்டும் பொருத்திவிட்டு, ஹாரனின் ஒயரைக் கழற்றினான், 0.42 அப்படியே நின்றது. உள்விளக்கின் பல்பைக் கழற்றிக் கதவை மூடினான். அப்போதும் அது மாறவில்லை. எஞ்சியது டிக்கி விளக்கு.

"அது டிக்கியைத் திறந்தால்தானே எரியும்?" என்றார் தலைமையாசிரியர்.

"திறக்கும்போது எரிவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மூடிய பிறகு அணைவதை யாரேனும் பார்த்ததுண்டா, ஐயா?" என்று மேஸ்திரி வினவினார்.

மூவரும் காரின் பின்புறம் சென்றனர். டிக்கியை மூடி ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகியிருந்தது. இளைஞன் அதனைத் திறந்து, உடனே அச்சிறு பல்பின்மீது விரலை வைத்தான். வைத்த விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பல்பு சுட்டது.

மேஸ்திரி விளக்கின் சுவிட்சைக் காட்டினார். அது ஒரு சிறு குமிழ். டிக்கியின் மூடி வந்து அதனை அழுத்தும்போது விளக்கு அணையும். மூடி விலகும்போது எரியும். மூடியில் குமிழுக்கு நேராக ஒட்டப்பட்டிருந்த ரப்பர்த் துண்டு என்றோ உதிர்ந்து போயிருந்தது. அதனால் மூடி குமிழை முழுதும் எட்டவில்லை. ஐந்து வாட் விளக்கு ஒன்று, இருள் சூழ்ந்த பெட்டிக்குள் காண்பார் ஒருவரும் இன்றி, இரண்டு ஆண்டுகளாக இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. ஐந்து வாட்டைப் பன்னிரண்டு வோல்ட்டால் வகுத்தால் 0.42 ஆம்பியர் வரும். கணக்கும் கண்டதும் ஒத்திருந்தன.

இளைஞன் பழைய டயர் ட்யூபிலிருந்து விரற்கடை அளவு ரப்பரை வெட்டி அவ்விடத்தில் ஒட்டினான். டிக்கியை மூடினான். மீட்டரில் சுழி தோன்றியது. அதற்கு ஆன செலவு ஒன்றும் இல்லை.

"அப்படியானால், அந்த இரண்டு பாட்டரிகளும் நல்லவைதாமா?" என்று தலைமையாசிரியர் வருத்தத்துடன் கேட்டார்.

"வாங்கும்போது நல்லவை, ஐயா. பாட்டரி தீரும்போது அதன் தகடுகளில் ஈய சல்பேட்டு படியும். உடனே மின்சாரம் ஏற்றினால் அது கரைந்துவிடும். தீர்ந்த நிலையிலேயே நாட்கணக்கில் விட்டுவிட்டால் அந்தப் படிவு இறுகிவிடும். பிறகு தகடு முழு வேலை செய்யாது. வாரத்திற்கு இருமுறை பட்டினி கிடந்தால் பாட்டரிக்கும் உடல் தேறுமா? கடைக்காரர் பார்த்தபோது அவை உண்மையிலேயே கெட்டிருந்தன. ஆனால், பாட்டரி கெட்டதால் கார் கெடவில்லை; காரின் குறையால் பாட்டரி கெட்டது."

இச்சொற்கள் தலைமையாசிரியரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவருடைய கருவியும் பொய் சொல்லவில்லை. விளைவை மெய்யாகவே கண்டு, அதனைக் காரணம் என்று கொண்டதே பிழை. இத்தகைய பிழையை உணர்தல் அரிது. ஏனெனில், புதிய பாட்டரி போட்டவுடன் கார் சில மாதங்கள் நன்றாகவே ஓடும். குறை தீர்ந்தது என்னும் மயக்கத்தையும் தரும். 'மருந்து' என்றே ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், நோயைக் கண்டதோடு நில்லாமல் அது தோன்றிய மூலத்தையும் ஆராயுமாறு பணித்தமைக்கு இதுவே காரணம் போலும்.

மேஸ்திரி பாட்டரிக்கு இரவு முழுதும் மெல்ல மின்சாரம் ஏற்றினார். முன்னைய வலிமை முழுதும் அதற்குத் திரும்பவில்லை. ஆயினும் இன்னும் சில காலம் உழைக்கும் என்றார். புதிய பாட்டரி அவர் விற்கவில்லை. தம் நேரத்திற்கும் உழைப்பிற்கும் உரிய கூலியை மட்டும் பெற்றுக்கொண்டார்.

தலைமையாசிரியர் புறப்படும் வேளையில் வேறொரு குறையையும் கூறினார். வலப்புற முன்விளக்கு மங்கலாக எரிகின்றது. இருமுறை பல்பு மாற்றியும் பயன் இல்லை. மேஸ்திரி பேசாமல் இளைஞனைப் பார்த்தார். அவன் புதிய பல்பைத் தேடிப் போகவில்லை; மீட்டரை எடுத்தான். முன்விளக்கை எரியவிட்டான். விளக்கின் எர்த் ஒயருக்கும் பாட்டரியின் எர்த் முனைக்கும் இடையில் எவ்வளவு அழுத்தம் இழக்கப்படுகின்றது என்று அளந்தான். அங்கே வேற்றுமை பெரும்பாலும் இருத்தலாகாது. ஆனால் மீட்டர் இரண்டு வோல்ட் காட்டியது. விளக்கிற்குச் சேர வேண்டிய ஆற்றலின் ஒரு பகுதி வழியிலேயே மடிந்துகொண்டிருந்தது. எர்த் ஒயர் காரின் உடலோடு சேரும் திருகைக் கழற்றினான். அடியில் துரு மண்டியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளக்கச் செய்து, திருகை இறுக்கினான். விளக்கு வெண்மையாக ஒளிர்ந்தது.

"முதற் குறை கசிவு, இது தடை. ஒன்றில் மின்சாரம் போகக்கூடாத இடத்திற்குப் போயிற்று, மற்றொன்றில் போக வேண்டிய இடத்திற்குப் போகவில்லை" என்று இளைஞன் தனக்குத்தானே கூறிக்கொண்டான். மேஸ்திரி அவனைப் புகழ்ந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், அன்றுமுதல் மின் பழுதுடன் வந்த கார்களின் சாவிகளை அவனிடமே கொடுக்கலானார்.

அடுத்த வாரம் தலைமையாசிரியர் ஒரு சோதனை செய்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பிக் காரை நிறுத்தினார். வியாழனன்று சந்தைக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலை, ஐந்தாம் நாள், கொட்டகைக்குச் சென்று சாவியைத் திருகினார். கார் முதல் திருகலிலேயே உயிர்பெற்றது. எதிர்வீட்டுத் திண்ணையில் பாடம் படித்துக்கொண்டிருந்த சிறுவன் அவ்வொலி கேட்டு நிமிர்ந்து பார்த்தான். பின்பு மீண்டும் புத்தகத்தில் ஆழ்ந்தான். தலைமையாசிரியர் எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு நிறுத்தினார். டிக்கியை ஒருமுறை திறந்து பல்பைத் தொட்டுப் பார்த்தார். அது குளிர்ந்திருந்தது.